பாடியவர் பெயர்

பிரான்சு நாட்டின் மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரித்தானி எனப்படும். அங்குள்ள உழவரும் மீனவரும் பேசிவந்த பிரெத்தோன் மொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்ததன்று. அது வேல்சு மொழிக்கு உறவுடைய கெல்ட்டிய மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சே கோலோச்சியது. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர்கள் தண்டிக்கப்பட்டதும் உண்டு. ஆயினும் குளிர்கால இரவுகளில் கணப்பைச் சுற்றி அமர்ந்து கதை சொல்லவும் பாடவும் அம்மொழியே வழங்கியது.

அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் பிரான்சுவா மரி லுசெல். இவர் 1821ஆம் ஆண்டு புளுவாரே என்னும் ஊரில் பிறந்தார். ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றிய இவர், 1881 முதல் கெம்பேர் நகரில் ஆவணக் காப்பாளராக விளங்கினார். எப்பணியில் இருந்தபோதும், ஊர் ஊராகச் சென்று பாடல்களையும் கதைகளையும் எழுதிக்கொள்வதை இவர் விடவில்லை.

இவருக்கு மிகுதியாகப் பாடிக் காட்டியவர் மர்கரீட் ஃபுலுப் என்னும் ஏழைப் பெண்மணி. அவர் எழுதவோ படிக்கவோ அறியாதவர். ஒரு கை செயலிழந்தவர். நோயுற்றவர்களுக்குப் பதிலாகத் திருத்தலங்களுக்கும் புனித ஊற்றுகளுக்கும் நடந்து சென்று வேண்டி வருவதே அவருடைய பிழைப்பு. சென்ற வழியெல்லாம் பாடல் கேட்டார், கேட்டதை மறவாதிருந்தார். அவர் நினைவில் நூற்றுக்கணக்கான பாடல்கள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அவரை ஒரு நூலகம் என்று கூறினாலும் தகும்.

லுசெல் கேட்டதைக் கேட்டவாறே எழுதினார். ஒரே பாடலை இருவர் வேறுவேறாகப் பாடினால், இரண்டையும் அச்சிட்டார். பாடியவர் பெயரையும் ஊரையும் உடன் குறித்தார். இவ்வாறு தொகுத்த கதைப்பாடல்கள் 1868, 1874 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும், நாட்டுப்புறக் கதைகள் 1887இல் மூன்று தொகுதிகளாகவும் வெளிவந்தன.

இவருக்கு முன்பே, 1839இல், வில்மார்க்கே என்னும் அறிஞர் 'பர்சாஸ் பிரேஸ்' என்ற பாடல் தொகுப்பை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அந்நூலின் பாடல்கள் மிக அழகானவை. அந்த அழகே லுசெலுக்கு ஐயத்தை எழுப்பியது. தாம் சந்தித்த பாடகர் எவரும் அவற்றை அவ்வாறு பாடக் கேட்டதில்லையே என எண்ணினார். 1872இல் சேன் பிரியூ நகரில் கூடிய அறிஞர் அவையில் அதை வெளிப்படையாகவே கேட்டார். தம் நாட்டின் பெருமையாகப் போற்றப்பட்ட நூலைக் குறை கூறியதால் பலர் இவரை வெறுத்தனர். வில்மார்க்கேயோ தம் குறிப்பேடுகளை வெளியிடவில்லை. இருவரும் 1895ஆம் ஆண்டிலேயே மறைந்தனர், வழக்கு தீரவில்லை.

1964இல் தொனசியான் லொரான் என்னும் ஆய்வாளர், வில்மார்க்கேயின் குடும்பத்தாரிடம் இருந்த அக்குறிப்பேடுகளைக் கண்டறிந்தார். வில்மார்க்கே உண்மையாகவே மக்களிடம் பாடல்களைக் கேட்டு எழுதியிருந்தார். அச்சிடுமுன் தம் விருப்பப்படி பல இடங்களில் திருத்தியும் சேர்த்தும் இருந்தார். பாடல்கள் பொய்யல்ல, லுசெலின் ஐயமும் வீணன்று. குறிப்பேடுகளை அன்றே காட்டியிருந்தால் ஒரு நூற்றாண்டுப் பூசல் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும்.

பயிற்சி

1. லுசெல் ஒரே பாடலின் இரு வடிவங்களையும் அச்சிட்டது ஏன்?
2. வில்மார்க்கே செய்த திருத்தங்கள் குற்றமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கதையோ தாலாட்டோ கேட்டு, அவர் சொன்னவாறே எழுதுக. அவர் பெயரையும் ஊரையும் குறிப்பிடுக. ஒரு சொல்லையும் திருத்த வேண்டா.