பிடிச்ச கை விடலையா? இதைப் படி கண்ணு

டம்ளரைப் பிடிச்ச விரல் உடனே பிரியாது. உட்கார்ந்து எழுந்தா முதல் நாலு எட்டுக்குக் கால் விறைச்சுக்கும், நடக்க நடக்க இளகிடும். பிள்ளையைச் சோம்பேறின்னு திட்டிடாத. மயோடோனியா கன்ஜெனிடான்னு பிறவி நோய் ஒண்ணு இருக்கு. தசைக்குள்ள குளோரைடு போற வழியில கோளாறு. சுருங்குன தசை சட்டுனு தளராது. 1876-ல இதை விவரமா எழுதின டாக்டர் தாம்செனுக்கே, அவர் குடும்பத்துக்கே இருந்த நோய்தான் இது.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில நரம்பியல் டாக்டரைக் கேளு. ஊசி வச்சு எடுக்குற இ.எம்.ஜி. தசைச் சோதனையில பைக்கை முறுக்குன மாதிரி சத்தம் கேட்கும்.

இதுக்கு மெக்சிலெட்டின்தான் நல்ல பலன் தருது. நோயை அறுத்துப் போடாது, விறைப்பைக் குறைக்கும். 2012-ல வெளியான ஆய்வுல இதுவும் இது மாதிரி விறைப்பு நோய்களும் இருந்த 59 பேருக்கு 200 மில்லிகிராம் தினம் மூணு வேளை கொடுத்தாங்க. விறைப்பு நல்லாவே குறைஞ்சது. அதைப் பார்த்துட்டு நீயா அளவு போட்டுடாத. இது இதயத் துடிப்புக்குன்னு வந்த மாத்திரை. ஈ.சி.ஜி. எடுக்காம ஒரு மாத்திரைகூட முழுங்க விடாத, அப்புறமும் டாக்டர் சொல்றப்ப எடுக்கணும். அவசரம்னு இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

வெறும் வயித்துல போட்டா குமட்டல், நெஞ்செரிச்சல். இட்லியோ சோறோ சாப்பிட்ட கையோட போடச் சொல்லு. காபியையும் குறைக்கணும், இந்த மாத்திரை காஃபீனை உடம்புல சீக்கிரம் கரைய விடாது.

எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. அட்டை தீர்றதுக்கு முன்னாடியே சொல்லி வை. கிடைக்கலைன்னா டாக்டர் கார்பமசெபின், லாமோட்ரிஜின் எழுதலாம். வலிப்பு மாத்திரைன்னு பயப்படாத. ஆனா தோல்ல தடிப்போ வாய்ல புண்ணோ வந்தா அன்னிக்கே ஓடு.

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுறவங்களுக்கு இது இருந்தா, டாக்டர்கிட்ட பேசாம ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. பிரேக்குல வச்ச கால் நேரத்துக்கு நகரணுமே.

ஆபரேஷன்னா மயக்க டாக்டர்கிட்ட முதல்ல சொல்லு. தசையைத் தளர்த்துற சக்சினைல்கோலின் ஊசி போட்டா தாடை இறுகிக்கலாம், மூச்சுக்கு டியூப் போட முடியாமப் போயிடலாம். நோய்ப் பேரை ஒரு சீட்டுல எழுதி, பர்சுல ஆதார் பக்கத்துலயே வச்சிடு.

நம்ம பக்கம் தாய்மாமன் கல்யாணம் சகஜம். இந்த நோய்ல ஒரு வகை, அப்பா, அம்மா ரெண்டு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்தா வருது; சொந்தத்துல கட்டினா அந்த வாய்ப்பு கூடும். சொந்தத்துல பேச்சு எடுக்குறதுக்கு முந்தி மரபணு ஆலோசனை கேட்டுக்கோ.