கால் எலும்பு முறிந்தால்: மாவுக்கட்டும் வெளிக்கம்பியும்



இந்த மாத உடல்நலப் பாடத்தில் கால் எலும்பு முறிவைப் பற்றிப் பார்ப்போம். "இது டாக்டர் பாடு, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். எலும்பைச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலைதான். ஆனால் அடிபட்ட இடத்தில் தூக்குவது யார்? கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் பார்த்துக் கொள்வது யார்? நாம்தானே!

நாங்கள் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பால் கேனோடு போகும்போது கீழே விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தோல் கிழியவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். "மேடம், ராத்திரி பூரா தூங்கலை, உள்ளே யாரோ முறுக்குற மாதிரி இருக்கு, தாங்க முடியலை" என்று அழுதார். கால் விரல்கள் வீங்கியிருந்தன. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அக்கா, எலும்பு உடைஞ்சா வலிக்கத்தானே செய்யும், ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போய்விட்டோம்.

அன்று இரவு அவருடைய அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கட்டைப் பிரித்து, தோலைக் கீறி, உள்ளே இருந்த அழுத்தத்தை இறக்கினார்கள். கால் பிழைத்தது. ஆனால் சதையில் ஒரு பகுதி அதற்குள் செத்துப்போயிருந்தது. இன்றும் அந்த அக்காவால் பாதத்தை மேலே தூக்க முடியாது, இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் "வலி அதிகமானால் உடனே வரவும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த நாங்கள் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

"நம்ம பத்திரிகையில எழுதுங்க மேடம், இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாது" என்று அவரே சொன்னார். அதனால்தான் இந்தப் பாடம்.

முறிவு இரண்டு வகை

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. முன்பக்கம் இருக்கும் பெரிய எலும்புதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. உங்கள் முன்னங்காலைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும், நடுவில் சதை இல்லை. அதனால் அந்த எலும்பு முறிந்தால் தோலைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வர வாய்ப்பு அதிகம்.

1. மூடிய முறிவு: எலும்பு முறிந்திருக்கும், தோல் கிழிந்திருக்காது.

2. திறந்த முறிவு: முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து புண்ணாகியிருக்கும். எலும்பு வெளியே தெரியத்தான் வேண்டும் என்பதில்லை. சின்ன ஓட்டை இருந்து ரத்தம் கசிந்தாலும் அது திறந்த முறிவுதான். அதன் வழியாக ரோட்டு மண்ணும் கிருமியும் எலும்பு வரை போய்விடும். எலும்பில் சீழ் பிடித்தால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கஷ்டம். ஆகவே கிருமியைக் கொல்லும் ஊசியும் டி.டி. ஊசியும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

அடிபட்ட இடத்தில் நாம் செய்ய வேண்டியது

• முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள்.
• காலை இழுக்காதீர்கள், நீவாதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள்.
• எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். துவைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். ரத்தம் வந்தால் எலும்பின் மேல் அழுத்தாமல், சுற்றிலும் துணி வைத்து அழுத்துங்கள்.
• மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் புண்ணில் போட வேண்டாம்.
• காலை அசையாமல் கட்ட வேண்டும். தென்னை மட்டை, பலகை, குடை, மடித்த அட்டைப்பெட்டி எது கிடைத்தாலும் போதும். முழங்காலுக்கு மேலே இருந்து பாதம் வரை நீளமாக இருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டு காலுக்கும் நடுவில் புடவையை மடித்து வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். முறிந்த இடத்தின் மேலேயே முடிச்சு வரக் கூடாது.
• கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது.
• காபி, டீ, சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க ஊசி போட வேண்டியிருக்கும்.

"தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமோ?" என்று பயப்பட வேண்டாம். விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள்.

நாட்டுக் கட்டுக்குப் போகலாமா என்று எல்லாக் குழுக்களிலும் கேட்கிறீர்கள். திறந்த முறிவுக்கு, விரல் மரத்துப்போன காலுக்கு, வீக்கம் ஏறிக்கொண்டே போகும் காலுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகக்கூடும். முதலில் எக்ஸ்ரே எடுத்து, புண்ணையும் ரத்த ஓட்டத்தையும் டாக்டர் பார்க்கட்டும்.

மாவுக்கட்டு எதற்கு?

எலும்பு தானாகவேதான் சேரும். மருந்தோ கட்டோ அதை ஒட்டவைப்பதில்லை. முறிந்த இரண்டு முனையும் நேராக, அசையாமல் இருந்தால் உடம்பே புது எலும்பை வளர்த்துக்கொள்ளும். அப்படிப் பிடித்து வைப்பதுதான் கட்டின் வேலை. 1852-ல் ஹாலந்து நாட்டு ராணுவ டாக்டர் மத்தைசன், மாவு தடவிய துணிச்சுருளை நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதேதான். மூடிய முறிவு, எலும்பு அதிகம் விலகவில்லை, நேராக்கினால் நிற்கும் என்றால் மாவுக்கட்டுப் போடுவார்கள்.

மாவு சில நிமிடங்களில் இறுகினாலும் உள்ளே முழுதும் காய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதுவரை தலையணை மேல் வைக்க வேண்டும், விரலால் அழுத்திக் குழி போடக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் படுத்த நிலையில் பாதம் நெஞ்சை விட உயரமாக இருக்கட்டும். கால் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். கட்டு நனையக் கூடாது. அரித்தால் குச்சி, ஊக்கு, ஸ்கேல் எதையும் உள்ளே விடக் கூடாது. கீறல் விழுந்தால் உள்ளேயே புண்ணாகும், வெளியே தெரியாது.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஐந்து

நாங்கள் அன்று கவனிக்கத் தவறியது இதுதான். அடிபட்ட கால் உள்ளே வீங்கும். மாவுக்கட்டு விரிந்து கொடுக்காது. சதையைச் சுற்றியுள்ள உறையும் விரிந்து கொடுக்காது. அப்போது உள்ளே அழுத்தம் ஏறி, சதைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடும்.

1. மாத்திரை போட்டும் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது.
2. அடுத்தவர் விரலை மெதுவாக நீட்டினாலே உயிர் போகும் வலி.
3. விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போலிருப்பது.
4. விரல் வெளுத்தோ நீலமாகவோ சில்லென்றோ ஆவது.
5. விரலைத் தானாக அசைக்க முடியாமல் போவது.

ஐந்தும் வரும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு வந்தாலே கிளம்ப வேண்டும். விரல் சூடாக இருக்கிறதே, நாடி ஓடுகிறதே என்று தைரியமாக இருக்க முடியாது. நாடி கடைசி வரை ஓடலாம். சில மணி நேரத்தில், பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள், அழுத்தத்தை இறக்காவிட்டால் சதை சாகத் தொடங்கும். ராத்திரி ரெண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் காலை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள், அதற்கு மேல் தூக்க வேண்டாம். கட்டை நீங்களே அறுக்கவும் வேண்டாம்.

"பொறுத்துக்கோ" என்று பெண்களுக்கு நாம் எத்தனை விஷயத்தில் சொல்லியிருக்கிறோம்! இந்த ஒரு விஷயத்தில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல வேண்டாம்.

வெளிக்கம்பி எதற்கு?

சிலருக்குக் காலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. புண்ணை மாவுக்கட்டால் மூடிவிட்டால் தினமும் எப்படிச் சுத்தம் செய்வது? அதனால் மயக்கம் கொடுத்து, முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று எலும்பில் ஊசிக்கம்பிகளைச் செலுத்தி, அவற்றை வெளியே ஒரு ராடில் முடுக்கிவிடுவார்கள். எலும்பு அசையாது, புண்ணும் திறந்திருக்கும். கட்டு மாற்றலாம், தோல் ஒட்டு வைக்கலாம். பல பேருக்கு இது முதல் கட்டம்தான். புண் ஆறியதும் கம்பியை எடுத்துவிட்டு உள்ளே ராடு வைப்பார்கள் அல்லது மாவுக்கட்டுப் போடுவார்கள். "ஒரு ஆபரேஷன் தோத்துப் போச்சு, இன்னொன்னு பண்றாங்க" என்று நினைத்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எத்தனை கட்டம், எப்போது என்று ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளையம் வளையமாக மாட்டும் இன்னொரு வகையும் உண்டு. ரஷ்யாவில் சைபீரியாவின் குர்கான் ஊரில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் உருவாக்கியது. எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால்கூட, ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல நகர்த்திப் புது எலும்பை வளர்க்க முடியும் என்று காட்டினார். அதன் திருகை டாக்டர் சொன்ன கணக்குப்படி மட்டுமே திருப்ப வேண்டும்.

வெளிக்கம்பியைப் பராமரிப்பது

கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடமும் கிருமிக்கு ஒரு வாசல். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தொடுங்கள். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி, அவர்கள் கொடுத்த மருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஒரு கம்பிக்குத் துடைத்த பஞ்சை அடுத்த கம்பிக்குப் பயன்படுத்தக் கூடாது. தேங்காய் எண்ணெய், மஞ்சள் வேண்டாம். கம்பியைச் சுற்றிச் சிவந்து வலித்தால், சீழ் வந்தால், கம்பி ஆடினால், காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். நட்டைத் தளர்த்தவோ முடுக்கவோ வேண்டாம்.

வேறொரு ஊரில் நம் உறுப்பினர் ஒருவர் நான்கு மாதம் வெளிக்கம்பியோடு இருந்தார். "நாலு பேர் பார்க்கிறாங்க, எடுத்துடச் சொல்லு" என்று மாமியார் ஒரே சண்டை. குழுவில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு மாமியாரையே அழைத்துப் போய் நர்ஸிடம் பேசவைத்தார்கள். அதற்குப் பிறகு கம்பி துடைத்துவிட்டது அந்த மாமியார்தான்!

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பெரியவர்களுக்கு இந்த எலும்பு சேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். திறந்த முறிவுக்கு இன்னும் அதிகமாகலாம். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லாமல் காலை ஊன்ற வேண்டாம்.
• முட்டை, பால், பருப்பு, கீரை, நெத்திலிக் கருவாடு கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் நிறுத்த வேண்டும், புகையிலை எலும்பு சேர்வதைத் தாமதமாக்கும். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.
• வெளிக்குப் போகச் சங்கடப்பட்டு நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இது தவறு. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைத்தால் போதும்.
• கெண்டைச்சதை திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறைந்திருக்கலாம்.

செலவும் காகிதமும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டுங்கள். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். ரோடு விபத்து என்றால் ஏ.ஆர். காப்பி, எப்.ஐ.ஆர். நகல், எக்ஸ்ரே, பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். நஷ்டஈடு மனுவைத் தள்ளிப்போடாமல் 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் கால் முறிந்தவர்கள் எத்தனை பேர்? முதலில் எங்கே கொண்டு போனோம்?
2. ஐந்து அறிகுறிகளைப் பார்க்காமல் எத்தனை பேரால் சொல்ல முடிகிறது?
3. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக அவசரக் கடனை யார் கையில் வைத்திருப்பது?
4. படுத்திருக்கும் உறுப்பினர் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க, சமைக்க யார் யார் முறை?

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த உறுப்பினரை முதல் மூன்று நாள், காலை மாலை இரண்டு வேளையும் ஒருவர் போய் விரல்களைப் பார்த்து வர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் படிக்கத் தெரிந்தவரிடம் அன்றே படித்துக் கேட்க வேண்டும். இதை ஒவ்வொரு குழுவும் தீர்மானமாக நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த அக்காவும் வருவார். தீர்மானத்தை அவர் கையில் கொடுப்போம்.