வாய்க்காலுக்கு அக்கரையும் இக்கரையும்

விடுமுறை வந்தால் பிள்ளைகளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறோம். திண்டிவனத்திலிருந்தானாலும் விழுப்புரத்திலிருந்தானாலும் சுமார் 40 கிலோமீட்டர்தான். விழுப்புரத்தாருக்கு 1879 முதல் ரயில் பாதையும் உண்டு. ஆனால் கடற்கரையில் சுண்டல் தின்று, பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை நேரே கடலுக்குப் போகாமல், மிஷன் வீதியில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே நடந்து பாருங்கள்.

மிஷன் வீதியில் இருப்பது ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஜனங்கள் சம்பா கோவில் என்பார்கள்; அர்ச். சின்னப்பரின் அந்நிய நாட்டுப் பெயர் நம் வாயில் அப்படித் திரிந்தது. சேசு சபைக் குருக்கள் தமிழருக்காகக் கட்டிய கோவில் நின்ற இடம் இது. முதற்கோவிலை 1693-ல் ஒல்லாந்தரும், பிற்பாடு கட்டியதை 1761-ல் ஆங்கிலேயரும் இடித்தார்கள். இப்போது நாம் முழந்தாட்படியிடுகிற கோவில் 1791-ல் மந்திரிக்கப்பட்டது.

இடிபட்ட அந்தப் பழைய கோவிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. 1745-ல் அவர்கள் திரண்டு சென்று பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்க, சுவர் எடுபட்டது. இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் நம் வேதத்தைச் சேராத துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. பழங்கதைதானே என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நமது மேற்றிராசனத்து எறையூரில் 2008-ல் இதே பிரிவினைத் தகராறு துப்பாக்கிச் சூடு வரை போய், இரண்டு உயிர்கள் மாண்டன.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு மறைக்காதீர்கள். சம்பா கோவிலை அடுத்து வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது துய்ப்ளேக்ஸ் துரை அதை இடிக்கச் செய்தார். அதில் நம் குருமார் சிலருக்கும் சந்தோஷமே. நம் கோவில் இடிபட்டதைச் சொல்லி வருந்துகிற நாம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிழக்கே வந்தால் பெரிய வாய்க்கால். இக்கரை தமிழர் பட்டணம். அக்கரை வெள்ளையர் பட்டணம். மஞ்சள் சுவர், உயர்ந்த ஜன்னல், காகிதப்பூக் கொடி என்று ஐரோப்பாவின் பழைய பட்டணம் ஒன்றில் நடப்பது போலிருக்கும். 300 வருஷத்து வீடு என்று யாராவது காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். 1761-ல் வெள்ளையர் பட்டணமும் தரைமட்டமாயிற்று. 1765-க்குப் பிறகு எழுந்தவைதான் இவை.

துய்மா வீதியில் கப்ஸ் கோவிலைப் பாருங்கள். கப்புச்சின் குருக்கள் ஐரோப்பியருக்குப் பூசை செய்தவர்களாதலால் அந்தப் பெயர். இன்றுள்ள கட்டடம் 1855-ல் திறக்கப்பட்டது. ஒரே வேதத்தாருக்கு வாய்க்காலுக்கு இக்கரையில் ஒரு கோவில், அக்கரையில் ஒரு கோவில்! ஏனென்று பிள்ளை கேட்டால், சம்பா கோவிலில் இருந்த சுவரோடு சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள், செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமிருந்த 1750-61 காலத்தில் அங்கிருந்து கொண்டுவரப்பட்டவை என்பார்கள். திண்டிவனத்துப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். நம் பக்கத்து மலைக் கல்.