அரக்கேரியா மரத்தை விதையிலிருந்து வளர்த்தல்

கள்ளிக்குப்பம் முதலிய இடங்களில் நாற்றுக்கடைகளிலே கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அரக்கேரியாவே. நியூ காலிடோனியாத் தீவுகளுக்குரிய குக் பைன் என்னும் இனமே இந்தியாவில் நார்போக் பைன் என்ற பெயரால் பெரிதும் வழங்குகிறது. சொந்த நாட்டில் அது 60 மீட்டர் வரை ஓங்கும். ஆகவே சுவரருகிலும் மின்கம்பியின் கீழும் நடலாகாது.

நாற்று வாங்கும் சங்க அங்கத்தினர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பக்கக் கிளையை ஒடித்து வேர்விடச் செய்த கன்று மரமாக நிமிராது. கிளையைப் போலவே பக்கவாட்டில் படரும். கொடுத்த பணம் வீண். நுனிக் குருத்தை வெட்டி நட்டால் கன்று நேராகும். தாய்மரமோ தன் வடிவை இழக்கும். எனவே விதையே தக்கது.

காய் முற்றியதும் சிதறிவிடும். செதில் ஒன்றுக்கு விதை ஒன்றே. அவற்றுள்ளும் பதர் உண்டு. சிலவற்றை அறுத்து, வெண்பருப்பு இருத்தலைக் கண்டு வாங்குக. விதையின் உயிர் விரைவில் அற்றுப்போகும். நெல்லைப் போல அடுத்த பட்டத்திற்கென்று குதிரில் வைத்தல் பயன்படாது. மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியில் கூர்முனை கீழாக, மேற்பாகம் சற்றே தெரிய ஊன்றி, கீற்று நிழலில் ஈரம் காயாமல் காக்க. நீர் தேங்கின் நாற்று அழுகும். ஆணிவேர் நீளுமுன் ஆழமான தனித்தொட்டிக்கு மாற்றுக.

வளர்ந்த மரம் தெற்கே சற்றுச் சாய்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. குக் பைன் மரங்கள் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும் இயல்புடையன என்பதை ஆராய்ச்சியாளர் 2017இல் வெளியிட்டுள்ளனர்.