வண்டிக்குப் பழகிய குதிரை

கேள்வி: சாக்கோட்டையில் குதிரை வண்டி ஓட்ட ஆசை. பக்கத்து ஊர் வியாபாரியிடமே குதிரை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆடி மாத அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் காட்டியவாடி, மார்வாரி இனக் குதிரைகள் எல்லாம் வரும். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவசரமாக முடிவெடுக்க நேரும். உள்ளூர்க் குதிரையைப் பல நாள் போய்ப் பார்க்கலாம்.

சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நீங்கள் குளம்பைப் பாருங்கள். வண்டி பூட்டும்போதே கூட நில்லுங்கள். சவாரிக்கு மட்டும் பழகிய குதிரை, பின்னால் சக்கரச் சத்தம் கேட்டாலே மிரண்டு உதைக்கும். காரைக்குடி சாலையில் பஸ் ஹாரன் அடிக்கும்போது எப்படி நடக்கிறது, நிறுத்தினால் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். 5 வயதில் பல்வரிசை நிறைந்துவிடும். புதியவருக்கு அந்த வயதைத் தாண்டிய குதிரையே நல்லது.

கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடியாமல் முன்பணம்கூடத் தராதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது.