இரத்தப் பரிசோதனையும் சோகையின் காரணமும்

வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் திரவம், எஞ்சியவை அணுக்கள். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் காயத்தினின்று இரத்தம் பெருகாமல் தடுக்கின்றன. சிவப்பணுக்களில் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை உடலெங்கும் கொண்டு செல்கிறது. இது உண்டாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை எனப்படும். நம் நாட்டுத் திட்டங்களில் கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் சோகையுற்றிருந்தனர்.

எனினும், ஹீமோகுளோபின் அளவு சோகை உண்டென்பதைக் காட்டுமேயன்றி, அதன் காரணத்தைக் காட்டாது. காரணத்தை அறிய அணுக்களின் பருமனையும் எண்ணிக்கையையும் நோக்குதல் வேண்டும். ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்தால் சிவப்பணுக்கள் பருத்துவிடும். இரும்பு குறைந்தால் அவை சிறுத்துவிடும். மிகுதியான மாதவிடாய், கொக்கிப்புழு ஆகியவற்றால் நேரும் இரத்த இழப்பும் இரும்புக் குறைவை உண்டாக்கும்.

எடுத்துக்காட்டாக, இரு பெண்களுக்கும் ஹீமோகுளோபின் 10 கிராம். இருவரின் சிவப்பணுக்களும் சிறுத்துள்ளன என்று கொள்வோம். ஒரு கன மில்லிமீட்டரில் முதலாமவருக்கு 40 லட்சம் அணுக்களும், மற்றவருக்கு 54 லட்சம் அணுக்களும் உள்ளன. முதலாமவருக்கு இரும்புக் குறைவு இருக்கலாம். அணுக்கள் சிறுத்தும் எண்ணிக்கை குறையாத இரண்டாமவர், தலசீமியா என்னும் பரம்பரைக் குறையைத் தாங்கியவராக இருக்கக்கூடும். இதனை ஹீமோகுளோபின் ஏ2 சோதனையால் தெளியலாம். இரும்புக் குறைவும் உடனிருந்தாலன்றி இரும்பு மாத்திரையால் இவருக்குப் பயனில்லை. கணவரும் இக்குறையைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆகவே திருமணத்திற்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ இச்சோதனை நடைபெறுதல் நலம்.

அரிவாள் வடிவச் சிவப்பணு நோயும் இத்தகைய பரம்பரை நோயே. இந்தியாவில் இதற்குரிய குறை 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. இதனை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023இல் தொடங்கப்பெற்றது.

களப்பணியாளர் இரத்தம் எடுக்கும்போது விரலை அழுத்திப் பிழியலாகாது. திசுநீர் கலந்து அளவு தவறாகிவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளலாகாது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமேனும் உயராவிடில், அதே மாத்திரையை மேலும் கொடுத்துக் காலங்கடத்தாமல், காரணத்தை ஆராய மருத்துவரிடம் அனுப்புதலே முறையாகும்.