தூரம் சொல்லும் கோணம்

உயர்தர இணைந்த கணிதத்தில் ஆரையன் என்னும் கோண அலகைப் படித்தபோது, "பாகை இருக்க இது எதற்கு?" என்று நினைத்தேன். துவக்கின் மீது பொருத்தும் தொலைநோக்கியைப் பற்றி வாசித்தபோதுதான் விடை கிடைத்தது.

அந்தத் தொலைநோக்கியினுள் இரு குறுக்குக் கோடுகள் தெரியும். அவை சந்திக்கும் புள்ளியே குறி. ஆனால் குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. 100 மீற்றருக்குச் சரிசெய்த குறியை 300 மீற்றரில் அப்படியே வைத்தால் குண்டு இலக்குக்குக் கீழே போய்விடும். ஆகவே முதலில் தூரம் தெரிய வேண்டும்.

இதற்காகப் பல தொலைநோக்கிகளில் கோடுகளின் மேல் சிறு புள்ளிகள் இருக்கும். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளி ஒரு மில்லி ஆரையன். அதாவது ஆரையனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1000 மீற்றர் தூரத்திலுள்ள 1 மீற்றர் உயரமான பொருள் இந்தக் கோணத்தையே அமைக்கும். எனவே உயரத்தை 1000 ஆல் பெருக்கி, தெரியும் மில்லி ஆரையன்களால் வகுத்தால் தூரம் வரும். 2 மீற்றர் கதவு 5 மில்லி ஆரையனாகத் தெரிந்தால் தூரம் 400 மீற்றர்.

துவக்கில்லாமலே இதைச் செய்து பார்த்தேன். வாப்பாவை ஒழுங்கை முனையில் நிற்கச் சொல்லி, கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றரில் அடிமட்டத்தைப் பிடித்தேன். 1.7 மீற்றர் உயரமான வாப்பா 1 சென்ரிமீற்றராகத் தெரிந்தார். கணக்கு 102 மீற்றர் என்றது; அளவு நாடாவும் ஏறக்குறைய அதையே சொன்னது.

பிறகு அதே இடத்தில் தம்பியை நிறுத்தினேன். அவன் உயரம் 1.2 மீற்றர், தெரிந்தது 7 மில்லிமீற்றர். வேண்டுமென்றே வாப்பாவின் உயரத்தைப் போட்டுக் கணித்தேன். ஏறக்குறைய 146 மீற்றர் வந்தது. தம்பியோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை!

போர்க்காலத்தில் சிறுமியாக இருந்த உம்மாவிடம் இதைக் காட்டினேன். "அப்ப தூரத்தில நிக்கிற பெரிய ஆளும் கிட்ட நிக்கிற புள்ளையும் அதுக்கு ஒண்டுதானா மகள்?" என்று கேட்டார். "ஓம் உம்மா" என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை.

கருவி தருவது கோணத்தை மட்டுமே. உயரம், பார்ப்பவர் இடும் ஊகம். நில அளவையாளரின் தொலைநோக்கியிலும் இத்தகைய கோடுகள் உண்டு. ஆனால் அவர் ஊகிப்பதில்லை. அளவு குறித்த கோலொன்றை எதிரே நிறுத்தி வாசிக்கிறார்.

தோழிகளே, சூத்திரத்தில் ஓர் எண்ணை இடும்போது, அது அளந்ததா, ஊகித்ததா என்று முதலில் கேட்போம்.